ஐஸ் பெட்டியில் போன ஒரு சாண் குடல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

நான் ஓய்வு பெறுகிறேன். சிரிக்க வேண்டாம். ஓய்வு பெறுகிறவனுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. திண்டிவனத்தில் இந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் ஒன்பது வருஷம் உதவியாளாக இருந்தாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து வல்லத்தில் மாமனாரின் மல்லாட்டை எண்ணெய் மில்லில், அதாவது கடலை எண்ணெய் மில்லில், உட்காரப் போகிறேன். அங்கே டின்னில் அடைக்கிற எதையும் யாரும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கப் போவதில்லை என்பது ஒரு நிம்மதி.

போவதற்கு முன்னால் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார் தியேட்டர் சிஸ்டர். எழுதுகிறவன் பத்தாவதில் கணக்கிலும் அறிவியலிலும் விழுந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவியலில் விழுந்தவன் எப்படித் தியேட்டருக்குள் வந்தான் என்று கேட்காதீர்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்தேன், கதவு திறந்திருந்தது.

நூல் எடுத்துக் கொடுப்பது, கருவிகளைச் சுத்தம் பண்ணுவது எல்லாம் சிஸ்டர் சொல்லித் தருவார். அதில் எனக்கு வேலை இல்லை. நான் சொல்ல வந்தது தட்டு காட்டும் வேலையைப் பற்றி. அதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், ஏனென்றால் அதைப் பெரிய வேலை என்று யாரும் நினைப்பதில்லை.

வயிற்றுக்குள்ளிருந்து எது வெளியே வந்தாலும் அதை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து, தியேட்டர் கதவைப் பாதி திறந்து, வெளியே நிற்கிற சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எதையும் எடுக்கவே இல்லை என்பார்கள். காட்டினால் இது எங்கள் ஆளுடையதுதானா என்பார்கள். காட்டி முடித்த பிறகு அதை ஜாடியில் போட்டு, சதை கெடாமல் காக்கிற பார்மலின் ஊற்றி, பெயர் ஒட்டி, ஃபாரத்தோடு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். விழுப்புரத்தில் இருக்கிற லேபுக்கு அவர்களே கொண்டுபோய்க் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வருவார்கள். அப்போது அதுதான் வழக்கம். இப்போது ஏன் அது இல்லை என்பதுதான் இந்தக் கதை.

கதவருகே நாம் பேச வேண்டியது ஒரே வாக்கியம்: டாக்டர் வந்து சொல்லுவார். ஒன்பது வருஷத்தில் முதல் ஆறு வருஷம் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. பித்தப்பைக் கல்லைக் காட்டினால், இதை வைத்து வீடு கட்ட முடியாது, கோலத்துக்குப் புள்ளி வைக்கலாம் என்பேன். குடல்வால் வந்தால், இந்தச் சுண்டுவிரலுக்காகவா மூன்று நாள் தெருவையே எழுப்பினார் என்பேன். பயந்து நிற்கிறவர்கள் சீக்கிரம் சிரித்துவிடுவார்கள். அதை நான் சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தனலட்சுமி அக்கா வந்தார். மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பம். வீட்டுக்காரர் வேலு கடலுக்குப் போகிறவர். அக்கா மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவர். நாலு மாதமாக வயிற்று வலி. பெருங்குடலின் இடது பக்கத்தில் ஒரு கட்டி, பார்த்தால் கொழுப்புக்கட்டி மாதிரித்தான் தெரிகிறது என்று ஸ்கேனில் எழுதியிருந்தார்கள். பெரிய டாக்டரும் அந்த இடத்தில் ஒரு சாண் குடலை மட்டும் வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துவிடலாம் என்றுதான் இருந்தார்.

ஸ்ட்ரெச்சரில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன்.

“மெதுவா தள்ளு தம்பி. நான் என்னா சாயங்காலத்து மீனா, ஜல்தியா தள்ளி வுடறதுக்கு?”

“வெயிட்ட பாத்தா சொறா மாதிரி இருக்குதுக்கா. அதான் வேகமா போயிடலாம்னு.”

“சொறான்னு தெரியுதில்ல? கைய தள்ளி வச்சிக்கோ.”

கதவுக்குள் போகிறவரைக்கும் அவர் கண்ணில் பயம் இருந்தது. வாயில் இல்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் போயிற்று. குடல் துண்டு வெளியே வந்ததும் பெரிய டாக்டர் கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு முறை அழுத்தினார். பிறகு துண்டின் மேல் முனையில் ஒரு கறுப்பு நூலைக் கட்டச் சொன்னார். குடல் துண்டை வெளியே எடுத்துவிட்டால் எது மேல், எது கீழ் என்று அதைப் பெற்ற தாய்க்கே தெரியாது. நூல் இருக்கிற பக்கம் மேல், அவ்வளவுதான் கணக்கு. இன்னைக்கே லேபுக்குப் போகணும் என்று சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். தலை ஆடியபோது மனசு வெளியே நிற்கிற வேலுவிடம் என்ன சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

வேலு கதவை ஒட்டி நின்றிருந்தார். மெலிந்த ஆள். மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோடும் பேசாமல் இருந்தவர். தட்டைப் பார்த்துவிட்டு, இது என்ன தம்பி என்று மட்டும் கேட்டார். மேலே மஞ்சளாகக் கொழுப்பு போர்த்தியிருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

“வெறும் கொழுப்பு மாமா. அக்கா மீன வித்துட்டு நண்ட மட்டும் வூட்டுக்கு எடுத்துக்கினு போயி தின்னுடுச்சி போல.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தார். போட்டோ எடுக்கக் கூடாது, அழித்துவிடுங்கள் என்றேன். சரி என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஜாடியைக் கொடுக்கும்போது, பிள்ளைகள் வீட்டில் தனியாக இருக்கிறார்கள், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு நாளைக்கு விழுப்புரம் போனால் பரவாயில்லையா என்று கேட்டார்.

“தாராளமா போங்க மாமா. கொழுப்பு எங்க ஓடிடப் போவுது?”

இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் நான் ஒன்பது வருஷத்தில் செய்த தப்பு என்று எழுதச் சொன்னால் எழுதுவேன். மற்றவை எல்லாம் சின்னச் சின்னது. சிஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடித்து வந்த பெரிய டாக்டர், நேற்று அந்த ஜாடி எத்தனை மணிக்கு லேபுக்குப் போயிற்று என்று கேட்டார். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. கோபிக்கிறவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் போன் பண்ணிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அவர் சிஸ்டரிடம் பேசுவது போல எல்லாவற்றையும் சொன்னார். கொழுப்பு என்றால் விரலுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இது எதிர்த்து நின்றது. குடலின் சதைச் சுவரிலேயே முளைக்கிற ஒரு அபூர்வமான புற்றுக்கட்டி வகை இருக்கிறது. அதுவாக இருந்தால், வெட்டிய ஓரம் வரைக்கும் அது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால் திரும்பவும் வயிற்றைத் திறந்தாக வேண்டும். மேல் முனையில் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிச் சேர்த்துவிடலாம். கீழ் முனையில் வந்திருந்தால் ஆசனவாய்ப் பக்கம் இறங்க வேண்டும், அந்தத் தையல் ஆறுகிற வரைக்கும், சில பேருக்கு ஆயுசுக்கும், மலம் போக வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்ட வேண்டியிருக்கும்.

பை எங்கே மாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். இடுப்புக்கு மேலே, இடது பக்கம். தனலட்சுமி அக்கா கூடையை வைக்கிற இடம்.

மாடிப்படிக்குக் கீழே போய் நின்று வேலுவுக்குப் போன் பண்ணினேன். ஜாடி பத்திரமாக இருக்கிறதா என்றேன்.

“கட்டி பத்திரமா இருக்குது தம்பி. அந்தத் தண்ணியதான் கீழ ஊத்திட்டேன்.”

“எந்தத் தண்ணிய?”

“அதான், பார்மலின். மூடியத் தெறந்தேன், வாடை வந்துச்சி. அத வூட்டுக்குள்ள வைப்பாங்களா யாராச்சும்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நமக்குப் பார்மலின் என்றால் மருந்து. மீன்காரர்களுக்கு அது பேஜாரு. மீனில் பார்மலின் கலந்திருக்கிறதா என்று ஆபீசர்கள் வந்து பார்ப்பார்கள். எவனோ ஒரு வெளியூர் வியாபாரி செய்கிற வேலைக்குக் கரையில் இருக்கிற எல்லாருடைய கூடையையும் கிளறுவார்கள். ஒரு கூடையில் அந்த வாடை அடித்தால் அந்த வாரம் முழுக்க அந்தக் குப்பத்து மீனை ஒருத்தரும் தொட மாட்டார்கள். வேலு வீட்டுக்குள் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதற்குப் பக்கத்தில் நான் கொடுத்த ஜாடி. தன் பெண்டாட்டி உடம்பிலிருந்து வந்த சதையை அதிகாரிகள் கண்டால் ஆளையே பிடிக்கிற தண்ணீரில் ஊற வைப்பதா என்று அவர் நினைத்திருக்கிறார். சதை கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐஸில் வைத்துவிட்டார்.

சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பைக் சாவி எங்கே என்று மட்டும் கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு பெரிய டப்பா நிறையப் பார்மலினை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியெல்லாம் ஒரு யோசனை கூடவே வந்தது. கட்டியை எடுத்து இந்த டப்பாவில் போட்டு, மூடி, விழுப்புரத்தில் கொடுத்துவிட்டால் போதும். ஐஸ் விஷயம் யாருக்கும் தெரியாது. வேலு யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. ரிப்போர்ட் ஏதாவது மாறி வந்தால், அது லேபின் பாடு. தம்பிகளே, இந்த யோசனை உங்களுக்கும் ஒரு நாள் வரும். பைக்கில் போகும்போதுதான் வரும், ஏனென்றால் அங்கே தடுக்க யாரும் இல்லை.

வேலு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே ஒரு புது தெர்மாகோல் பெட்டி. மூடியைத் திறந்தார். பொடியாக உடைத்த ஐஸ். நடுவில் இரண்டு பாலிதீன் கவர் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்று இல்லாமல் முறுக்கிக் கட்டி, ஐஸ் நேராகப் படாதபடி கீழேயும் மேலேயும் துணி. பெட்டி அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. எங்கள் தியேட்டரில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நான் செய்ததாக இருக்காது.

“ஐஸ் தண்ணி பட்டா வெளுத்துப் போவும் தம்பி. நேரா ஐஸ் பட்டா சதை வெடிச்சிடும். அதான் துணி வச்சேன்” என்றார். பிறகு என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். “அத இன்னாத்துக்கு கொண்டாந்த?”

டப்பா மூடியைப் பாதி திருகியிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். என் கொழுப்பு ஜோக்குக்குச் சிரித்த அதே முகம். அவரிடம் அப்போது உண்மையைச் சொன்னேன். அது கொழுப்பு இல்லாமல் இருக்கலாம், டாக்டருக்குச் சந்தேகம், எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாமலே நேற்றுப் பேசினேன் என்றேன். அவர் குனிந்து பெட்டிக்குள் விலகியிருந்த துணியைச் சரி பண்ணினார். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

“சிரிச்சேனே” என்றார்.

டப்பா மூடியைத் திரும்பவும் இறுக்கிவிட்டுப் பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். முதலிலிருந்து சொன்னேன், நண்டு உட்பட. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கட்டி கல் மாதிரி உறைந்திருக்கிறதா, அமுங்குகிறதா என்று கேட்டார். அமுங்குகிறது என்றேன். ஐஸ் நேராகப் பட்டதா என்றார். துணியைப் பற்றிச் சொன்னேன். பார்மலினில் எவ்வளவு நேரம் இருந்தது, ஐஸில் எவ்வளவு நேரம் என்றார். அதையும் வேலுவிடம் கேட்டுச் சொன்னேன்.

“நீ எதையும் ஊத்தாத. பெட்டியோட அப்படியே விழுப்புரம் கொண்டு போ. லேப் டாக்டரம்மாகிட்ட ஒண்ணையும் மறைக்காத. நீ மறைச்சது அவங்க கண்ணுக்கு நோய் மாதிரி தெரியும்.”

வேலு பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். திண்டிவனம் வந்து எங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மயிலம் ரோடு பிரிகிற இடம் வந்தபோது வேலு தோளைத் தட்டினார். ஏதாவது கேட்கப் போகிறார் என்று வண்டியை மெதுவாக்கினேன். பள்ளம் பார்த்து ஓட்டு, பெட்டி குலுங்குது என்றார். முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரம் போய்ச் சேருகிறவரைக்கும் வேறு பேச்சு இல்லை.

லேப் டாக்டரம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருப்பவர். நான் சொன்னதை எல்லாம் ஃபாரத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். கவரைப் பிரித்தார். வெளிப்பக்கம் பார்மலின் குடித்திருக்கிறது, உள்ளே ஐஸ் காப்பாற்றியிருக்கிறது, பார்க்க முடியும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம் போயிற்று.

குடலின் ஒரு முனையில் கறுப்பு நூல் இருந்தது. அதன் மேல் பச்சை நைலான் கயிறு ஒன்றும் இருந்தது.

“இது எந்த ஊர் தையல்?” என்றார் டாக்டரம்மா.

வேலு ஒரு அடி முன்னால் வந்தார். “டாக்டர் போட்ட முடிச்சி நழுவிக்கினு இருந்திச்சிம்மா. ஈரத்துல நிக்காது அது. நான் வலை முடிச்சி போட்டேன்.”

“அதே எடத்துலயா?”

“அதே எடத்துலதான்.”

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். எது மேல் முனை என்பது இனி இந்த ஆள் வாய்ச் சொல்லில்தான் நிற்கிறது என்றார். தான் மேல் முனை என்று எழுதி, அது கீழ் முனையாக இருந்தால், அங்கே டாக்டர் தப்பான பக்கம் வெட்டுவார். நிச்சயமில்லை என்று எழுதினால் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டியிருக்கும், பையும் மாட்ட வேண்டியிருக்கும். வாய்ச் சொல்லை வைத்து எழுத மாட்டேன் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வாரம் வாய்ச் சொல் எவ்வளவு பெறும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் எனக்குப் போட்டோ ஞாபகம் வந்தது. மாமா, நேற்று எடுத்தீர்களே, அழித்துவிட்டீர்களா என்றேன். நான் சொல்லி அவர் கேட்காமல் இருந்திருக்க வேண்டுமே என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். “அழிக்கத் தெரியாது தம்பி. சரின்னு சும்மா சொன்னேன்.”

போட்டோவில் ஸ்டீல் தட்டு, என் கட்டை விரல், குடல் துண்டு, கறுப்பு நூல். நூல் இருந்த முனைக்குப் பக்கத்தில் காதுத் தொங்கல் மாதிரி சின்னதாக ஒரு கொழுப்பு தொங்கியது. இப்போது மேஜையில் இருந்த துண்டிலும் பச்சைக் கயிறு இருந்த முனையில் அதே தொங்கல். இரண்டிலும் இன்னொரு முனை மொட்டையாக இருந்தது. டாக்டரம்மா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சதையைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அந்தப் போட்டோவைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பவும் வேலுவுக்குத் தெரியவில்லை. நான் அனுப்பினேன். இரண்டு நாளில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அதுதான்.

ரிப்போர்ட் வர நாளாயிற்று. கொழுப்பு இல்லை, டாக்டர் விரல் சொன்ன அந்த அபூர்வ வகைதான். பெயர் என் நாக்கில் நிற்காது, எழுதவும் வராது. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், கையில் வந்தது இதுதான் முதல் என்றாராம் டாக்டரம்மா. ஓரம் வரைக்கும் வந்திருந்தது. எந்த ஓரம் என்றால், நூல் கட்டிய ஓரம். மேல் முனை. கீழ் முனை சுத்தம்.

இதைத் தனலட்சுமி அக்காவிடம் பெரிய டாக்டர் உட்கார்ந்து சொன்னார். இன்னொரு ஆபரேஷன் வேண்டும், பை வேண்டாம் என்றார். அக்கா கேட்டுக்கொண்டார். டாக்டர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் விடவில்லை.

“என் குடல ஐஸ்ல போட்டு ஊர்வலம் வுட்டீங்களாமே. நல்ல வெல வந்துச்சா?”

“வரலக்கா. ஒரு நாள் ஆன மீனுன்னுட்டாங்க.”

“உன் வாயத்தான் முதல்ல ஐஸ்ல வைக்கணும்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷன். அதன் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது, இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. அக்கா இப்போதும் ஸ்கேனுக்கு வருகிறார், வரும்போது இடுப்பில் கூடையோடுதான் வருகிறார். ஜாடியைச் சொந்தக்காரர் கையில் கொடுக்கிற வழக்கம் அன்றோடு நின்றது. நாம்தான் கொண்டு போகிறோம். உங்களில் யாருக்காவது விழுப்புரம் பஸ்ஸில் தினம் போவது அலுப்பாக இருந்தால், திட்ட வேண்டிய ஆள் வல்லத்தில் இருப்பான்.

நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது ஆபரேஷன் நாளைப் பற்றி. டாக்டர் புது மேல் முனையில் நூலைக் கட்டினார். கட்டிவிட்டு, மாஸ்க்குக்கு மேலே என்னைப் பார்த்து, வெளியே கொண்டுபோய் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வா என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு கதவைப் பாதி திறந்தேன்.

வேலு அதே இடத்தில் நின்றிருந்தார். குனிந்து முடிச்சைப் பார்த்தார். ஏதோ பரவாயில்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“இது இன்னா தம்பி? இதுலயும் இருக்குதா?”

தட்டில் இருந்தது இளஞ்சிவப்பாக, பளபளவென்று, பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஒன்றுமில்லை மாமா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் சிரிக்கத் தயாராக நின்றார்.

“தெரியாது மாமா” என்றேன். “டாக்டர் வந்து சொல்லுவாரு.”

அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நான் தட்டை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, நூல் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டேன்.